நாலு மணி நேர ஸ்ட்ராபெரி

நிலம் வேண்டாம், மழை வேண்டாம், மாடும் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் ஃபேஸ்புக் கணக்கும் இருந்தால் விவசாயி ஆகிவிடலாம். அமெரிக்காவின் ஜிங்கா கம்பெனி 2009 ஜூனில் தொடங்கிய 'ஃபார்ம்வில்' விளையாட்டின் கவர்ச்சி இதுதான். 2010-ன் தொடக்கத்தில் மாதத்துக்கு 8 கோடிப் பேர் அதில் உழுதுகொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜிங்கா அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் அலுவலகத்தைத் திறந்தது. ஊர், பெங்களூர். ராகிக் கொல்லைகளை மனைகளாக்கி வளர்ந்த நகரத்துக்குக் கம்ப்யூட்டர் விவசாயம் வந்து சேர்ந்தது.

விளையாட்டுத்தான் என்றாலும் அதன் கணக்கு கறாரானது. ஒரு பாத்தியை உழ 15 நாணயம். ஸ்ட்ராபெரி விதை 10 நாணயம். நாலு மணி நேரத்தில் விளைந்து 35 நாணயத்துக்குப் போகும், லாபம் 10. கோதுமை விதை 35 நாணயம். மூன்று நாளில் விளைந்து 115 நாணயம் தரும், லாபம் 65. கோதுமைதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் அதே மூன்று நாளில் ஸ்ட்ராபெரியை 18 முறை அறுக்கலாம். லாபம் 180.

கோதுமை போட்டவர் கைக்கு வந்த 65-ஐப் பார்க்கிறார். கைவிட்டுப் போன 180 அவர் கண்ணில் படுவதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இழக்கிற மற்றொன்றின் மதிப்பைத்தான் பொருளாதாரப் பாடம் 'வாய்ப்புச் செலவு' என்கிறது.

சரி, ஸ்ட்ராபெரியே போடலாம் என்றால் இன்னொரு சிக்கல். 18 அறுவடைக்கு நாலு மணிக்கொரு தரம் எழுந்திருக்க வேண்டும், நள்ளிரவிலும். தாமதித்தால் பயிர் வாடிவிடும். ஆக, ஸ்ட்ராபெரியின் விலை 25 நாணயம் மட்டுமல்ல. ராத்திரித் தூக்கமும் சேர்ந்தது.

கம்பெனியின் வியாபாரம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டருக்குள் விதையை உற்பத்தி செய்யச் செலவே இல்லை. அளவில்லாமல் கிடைக்கும் பொருளுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். எனவே தட்டுப்பாட்டைத்தான் உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. உழைத்துச் சம்பாதிக்கும் நாணயம் போக, 'ஃபார்ம் கேஷ்' என்று இன்னொன்று. அது ஆட்டத்தில் சொற்பமாகவே கிடைக்கும். கூடுதலாக வேண்டுமானால் நிஜப் பணம் கட்ட வேண்டும். அதைக் கொடுத்தால் வாடிய பயிர் தழைக்கும். காத்திருக்காமலே கதிர் முற்றும். ஆடுகிறவரின் நேரத்தைப் பிடுங்கி அவருக்கே விற்கும் கடை அது.

சினிமாவுக்கும்தான் மூன்று மணி நேரம் போகிறது என்று கேட்கலாம். நியாயம். பொழுதுபோக்குக்கும் மதிப்பு உண்டு. ஆனால் தியேட்டரில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இந்த வயலோ நாலு மணிக்கொரு தரம் திரும்ப அழைக்கிறது.

சொந்த நேரத்துக்கு விலை போடாத பழக்கம் நிஜ விவசாயிக்கும் உண்டு. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் சாகுபடிச் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி என்று கையை விட்டுப் போன செலவு 'ஏ2'. அதோடு குடும்பத்தாரின் உழைப்புக்கும் கூலி போட்டால் இரண்டாவது கணக்கு. சொந்த நிலத்துக்குக் குத்தகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் 'சி2'. அரசு ஆதரவு விலைக்கு இரண்டாவது கணக்கை எடுத்துக்கொள்கிறது. விவசாயச் சங்கங்கள் 'சி2' கேட்டுப் போராடுகின்றன. 'நம்ம நிலம்தானே, நம்ம உழைப்புத்தானே' என்று விட்டுவிட்டால் நஷ்டம்கூட லாபம்போலத் தெரியும் என்பது அவர்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இன்டர்நெட் விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்தது. பெங்களூர்க் கம்பெனிகளும் பண ஆட்டங்களை நிறுத்தின. பந்தயம் இல்லாத 'இலவச' ஆட்டங்கள் தடைக்குள் வராது. வரவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அங்கே செலவாகும் மணி நேரத்துக்குச் சட்டம் காவல் நிற்காது. அந்தக் கணக்கை ஆடுகிறவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபேஸ்புக்கில் இருந்த பழைய ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. களஞ்சியம், நாணயம் எல்லாம் அதோடு போயிற்று. கண்விழித்த ராத்திரிகள் மட்டும் உண்மையிலேயே செலவாகியிருந்தன.