குருபீடம் ஆண்ட மண் இங்கேயும் இருந்தது

மத்தியகால வரலாறு என்று பேச்செடுத்தால் எங்கள் பக்கத்து வகுப்பறைகளிலும் வாசிகசாலைகளிலும் தவறாமல் ஒரு கூற்று வரும். ஆயர்கள் நாடாண்டதும் வரி தண்டியதும் படை வைத்திருந்ததும் ஐரோப்பாவின் கதையாம். நம் பக்கத்தில் அரசன் ஆண்டான், குருமார் பூசை செய்தார்கள், கோயில் கோயிலாகவே இருந்தது என்பார்கள். அதோடு நிறுத்தாமல், தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு அந்த வரலாற்றோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இலங்கை மலையகத்தின் வட்டவளையில் இருந்துகொண்டு இதைத் தலையாட்டிக் கேட்க என்னால் முடியாது. நாம் நிற்கும் மலையே இதற்கு எதிர்ச்சாட்சி.

ஐரோப்பாவில் அப்படி நடந்தது என்பது உண்மைதான். இங்கிலாந்தின் வடக்கில் டர்ஹாம் ஆயர் தம் பெயரில் நீதிமன்றம் நடத்தினார், நாணயம் அடித்தார், ஸ்கொட்லாந்து எல்லையில் படை திரட்டினார். ஜெர்மானிய நிலத்தில் மைன்ஸ், கொலோன், ட்ரியர் ஆகிய மூன்று பேராயர்களும் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் அடக்கம். 1356இல் வந்த பொன் ஆணை அதை எழுத்திலேயே உறுதி செய்தது. சால்ஸ்பேர்க் பேராயர்கள் உப்புச் சுரங்க வருமானத்தில் செழித்தார்கள். இந்தக் குருபீட நாடுகளில் அநேகமானவை 1803இல் கலைக்கப்பட்டன. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ‘அங்கே மட்டும்தான்’ என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

இங்கே கோயிலுக்குக் கிடைத்தது வெறும் தானம், ஆளும் உரிமை அல்ல என்பது அவர்களுடைய முதல் வாதம். தானம் என்றால் எதைக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டிக்கு இறங்கும் வழியில் அம்பகமுவ இருக்கிறது. நம் பிரதேச செயலகப் பிரிவுக்கே அந்த ஊரின் பெயர்தான். அங்கே பாறையில் முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டு ஒன்று உண்டு. 1055 முதல் 1110 வரை ஆண்ட அந்த மன்னன், சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகருக்கு அன்னமிடவும் பாதச்சுவட்டின் திருப்பணிக்கும் ஊர்களை ஒதுக்கியதை அது சொல்கிறது. கிலிமலை என்ற ஊரை யாத்திரிகருக்காக அவன் எழுதிவைத்ததைப் பழைய வரலாற்று நூலான சூளவம்சமும் குறிக்கிறது. ஊரைக் கொடுப்பது உண்டியலில் காசு போடுவது போன்றதல்ல. அந்த ஊரின் விளைச்சலில் ஒரு பங்கு, அந்த ஊராரின் உழைப்பில் ஒரு பங்கு, இரண்டும் அரசனின் கையிலிருந்து திருத்தலத்தின் கைக்கு மாறுகிறது. வயலில் இறங்கியவனுக்கு அன்றுமுதல் ஆண்டை வேறு.

விஜயபாகுவுக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளின் தூண் கல்வெட்டுகள் இலங்கையில் நிறையக் கிடைத்திருக்கின்றன. விகாரைக்கு உரிய நிலத்தில் அரச அதிகாரிகள் நுழையக்கூடாது, வண்டியையோ மாட்டையோ ஆளையோ பிடித்துப் போகக்கூடாது என்று அவை தடை போடுகின்றன. நான்காம் மகிந்தன் (956–972) மிகிந்தலையில் நாட்டிய இரண்டு பெரிய கற்பலகைகளைப் படித்தால் ஒரு முழு நிர்வாகமே கண்முன் வரும். யார் யார் வேலைக்கு, யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு அரிசி, நாள் கணக்கை யார் எழுதுவது, ஆண்டுக் கணக்கைப் பிக்குகளின் சபையில் எப்படி வாசிப்பது என்று வரிவரியாகச் சொல்கின்றன. அரசனின் அதிகாரி உள்ளே வர முடியாத நிலம், தனக்கென்று ஊழியர், தனக்கென்று கணக்கு. ஆட்சிக்கு இவையே அடிப்படை. இவ்வளவு ஒழுங்கான கணக்கை ஆயிரம் ஆண்டுக்கு முன் வைத்திருந்தார்களே என்று நான் வியக்கிறேன். வியப்பதால் அதன் அதிகாரத்தை இல்லையென்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, இங்கே மதபீடத்துக்குப் படைபலம் கிடையாது என்பார்கள். பொலன்னறுவையில் தலதா ஆலயத்தின் அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜயபாகு இறந்த பிறகு, வேளைக்காரப் படையினர் பொறித்தது. புத்தரின் தந்த தாது இருந்த ஆலயத்தையும் அதன் ஊர்களையும் உடைமையையும் ஊழியரையும் அங்கே அடைக்கலம் புகுந்தோரையும் காப்போம் என்று அவர்கள் உறுதி கொடுக்கிறார்கள். பௌத்த ஆலயத்துக்குத் தமிழ்ப் படையினர் தமிழில் எழுதிக்கொடுத்த காவல் உடன்படிக்கை அது. அந்தப் படை பிக்குகளின் சொந்தப் படை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயுதம் ஏந்தியவர்கள் காவலுக்கு நின்ற ஊர்களை, பூசை மட்டும் நடந்த இடம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

சைவக் கோயில்களையும் இந்தக் கணக்கிலிருந்து விடுவிக்க நான் விரும்பவில்லை. சோழர் இந்தத் தீவின் ஒரு பகுதியைப் பிடித்திருந்த காலத்தில், ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் கடல் கடந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. கல்வெட்டே சொல்கிறது. அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜனைப் பற்றிப் பெருமை பேசும்போது, இங்கே நெல் அளந்தவனையும் நினைக்க வேண்டும்.

‘இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே அரசன் இருந்தானே’ என்பதுதான் அவர்களுடைய பலமான வாதம். முதலாம் இராஜசிங்கன் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சிவனொளிபாதமலையைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்து, குட்டாபிட்டிய ஊரையும் சேர்த்து வழங்கினான். கொடுக்கவும் எடுக்கவும் அரசனால் முடிந்தது உண்மை. கண்டியில் தெய்வக் கோயில்களான தேவாலயங்களைப் பஸ்நாயக்க நிலமேமார் நிர்வகித்தார்கள். அவர்கள் பிக்குகள் அல்லர், பிரபுக்கள். முடிசூடிய குருவரசர் என்று ஒருவர் இங்கே இருந்ததில்லை.

ஆனால் அரசனுக்குக் கீழே இருந்தால் அது குருபீட ஆட்சி ஆகாது என்றால், டர்ஹாமும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்த ஆயரும் இங்கிலாந்து அரசனுக்குக் கட்டுப்பட்டவர்தான். எட்டாம் ஹென்றி 1536இல் அவர் அதிகாரத்தை வெட்டினான், 1836இல் மிச்சமும் போயிற்று. கொலோன் பேராயரோ 1288இல் வொரிங்கன் போரில் தோற்று, தம் சொந்த நகரத்தின் மேலிருந்த பிடியையே இழந்தார். அங்கேயும் அதிகாரம் முழுமையாக இல்லை. அங்கே ஒரு அளவுகோல், இங்கே வேறொன்று என்று வைத்து அளப்பது நேர்மையல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயனான றொபேர்ட் நொக்ஸ், அரசனுக்கு உரிய ஊர்களைவிடக் கோயில்களுக்கு உரிய ஊர்களே அதிகம் என்றும், அதனால் அரச வருமானம் குறைந்துபோனது என்றும் எழுதியிருக்கிறான். அவன் கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், கண்ணால் கண்டவனுக்கு அப்படித் தோன்றியது என்பதே போதும்.

கடைசியாக, இதில் நமக்கு என்ன என்ற கேள்வி. என் கோபம் இங்கேதான்.

பிரித்தானியர் செய்த 1815 கண்டி ஒப்பந்தம் பௌத்தத்தைக் காப்பதாக வாக்களித்தது. 1818 கிளர்ச்சியை அடக்கிய பிறகு வந்த பிரகடனம் விகாரை நிலங்களுக்கு வரிவிலக்குக் கொடுத்தது. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாயச் சேவை ஒழிக்கப்பட்டபோது விகாரை, தேவாலய நிலங்களில் அது தொடர்ந்தது. அங்கே உழைத்த குடிகள் சேவைக்குப் பதில் பணம் கட்டலாம் என்ற சட்டம் 1870இல்தான் வந்தது. இதற்கிடையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் சேனையும் முடிக்குரியவை, அப்படியல்ல என்றால் நீ நிரூபி என்றது. கையில் சன்னஸ் என்ற அரச காணிப் பட்டயம் வைத்திருந்தவர்கள் நிரூபித்தார்கள். விகாரைகள் 1856 சட்டத்தின் கீழ் தங்கள் நிலங்களைப் பதிவு செய்து, பயிர் நிலங்களைப் பெருமளவு காத்துக்கொண்டன. எழுத்தில்லாத சிங்களக் குடியானவன் சேனையை இழந்தான். அப்படிப் போன காடுதான் கோப்பித் தோட்டமாகி, பின் தேயிலையானது. அந்த மண்ணுக்குத்தான் நம் முன்னோரைக் கங்காணிமார் கூட்டிவந்தார்கள். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு போட்டபோதும் விகாரை, தேவாலய நிலங்களைத் தொடவில்லை.

ஆகவே மத்தியகாலத்தில் எழுதிய ஒரு உரிமை இருபதாம் நூற்றாண்டுச் சட்டத்திலும் உயிரோடு இருந்தது. லயத்தில் பிறந்து, 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு அலையும் நமக்கு இது சம்பந்தமில்லாத கதையா? விகாரையின் நிலத்தைப் பறிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பழைய உரிமைக்கு இவ்வளவு மரியாதை காட்டத் தெரிந்த நாட்டில், ஐந்தாறு தலைமுறை உழைப்புக்கும் ஒரு உரிமை உண்டு என்று வாதாட, அந்தப் பழைய உரிமையின் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களே, டர்ஹாமையும் சால்ஸ்பேர்க்கையும் சொல்லிக்கொடுங்கள். அதே பாடவேளையில் அம்பகமுவக் கல்வெட்டையும் 1840, 1856, 1972 சட்டங்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.