தாயின் நோயும் மகனின் நலமும்

மார்பகப் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த மகன், தன் சகோதரிகளை எண்ணிக் கவலை கொள்கின்றான். தன்னைப் பற்றி நினைப்பதில்லை. 'அது பெண்களின் நோய்' என்பது அவன் எண்ணம். அவ்வெண்ணம் முழு உண்மையன்று என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் உயிரணுக்களில் மரபணுக்கள் இணை இணையாக உள்ளன. இணையில் ஒன்று தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. அவற்றுள் பி.ஆர்.சி.ஏ.2 என்பதன் பணி, உயிரணுவினுள் அறுந்துபோகும் மரபுச் சரத்தைப் பழுது பார்ப்பதாகும். 1995ஆம் ஆண்டு, மார்பகப் புற்றுநோய் மிகுந்த குடும்பங்களை ஆராய்ந்த அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர். அதனால் அந்நோயின் பெயரையே இதற்கும் சூட்டினர். பெயர் அவ்வாறாயினும், இம்மரபணு பிறழ்ந்திருப்பின் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் பன்மடங்கு பெருகுகின்றது. அந்நோய் இளவயதிலேயே தோன்றி, விரைந்து பரவும் தன்மையும் உடையது.

2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், புராஸ்டேட் புற்றுநோய் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட 692 ஆண்கள் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம் இத்தகைய பழுதுநீக்கும் மரபணுக்களில் பிறவிப் பிறழ்வு காணப்பட்டது. இவர்தம் நெருங்கிய உறவினரிடையே புராஸ்டேட் அல்லாத பிற புற்றுநோய்களே மிகுந்திருந்தன. ஆகவே, 'தந்தைக்கு இந்நோய் இருந்ததா?' என்று மட்டும் கேட்பது போதாது. தாய், அத்தை, சித்தி, சகோதரி ஆகியோரைப் பற்றியும் கேட்டறிதல் வேண்டும்.

பிறழ்வுடைய தாயோ தந்தையோ, அதனை ஒவ்வொரு பிள்ளைக்கும் வழங்கும் வாய்ப்பு சரிபாதியாகும்; மகன், மகள் என்னும் வேறுபாடு இதில் இல்லை. நோயே காணாத தந்தையிடமிருந்தும் மகளுக்கு இது செல்லக்கூடும். எனினும் அஞ்ச வேண்டுவதில்லை. மரபாக வருவது நோயன்று, நோய்க்கான வாய்ப்பே. புராஸ்டேட் புற்றுநோயருள் பெரும்பாலோரிடம் இப்பிறழ்வு இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அறிந்தவர்க்கு வழியும் உண்டு. இப்பிறழ்வுடைய ஆண்கள் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ நெறிகள் கூறுகின்றன. வேறு காரணங்களாலும் அவ்வளவு உயரக்கூடுமாதலின், மருத்துவரே அதன் பொருளை உரைக்க வேண்டும். முற்றிய நிலையிலும், பிறழ்வை அறிந்து அதற்கேற்ப அளிக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகள் 2020 முதல் பயன்பாட்டில் உள்ளன.

ஆனால் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? அத்தை எதனால் இறந்தார் என்று பிள்ளைகள் கேட்டால், 'ஏதோ கட்டி' என்று கூறிப் பேச்சை மாற்றிவிடுகின்றோம். பெண்ணுக்கு வரன் அமையாது போய்விடுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். நாம் மறைப்பதனால் மரபணு மறைந்துவிடுவதில்லை. எச்சரிக்கை மட்டுமே மறைந்துபோகின்றது.

எனவே, வீட்டுப் பெரியவர்கள் உள்ளபோதே ஒரு தாளை எடுங்கள். இரு வழியிலும் யாருக்கு, எவ்வுறுப்பில், எவ்வயதில் புற்றுநோய் கண்டது என்று எழுதி வையுங்கள். மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் ஆகியவை மீண்டும் மீண்டும் காணப்படின், அத்தாளை மருத்துவரிடம் காட்டி, மரபணுச் சோதனை தேவையா எனக் கேளுங்கள். நிலபுலன்களின் பத்திரங்களைப் பிள்ளைகளுக்காகப் பேணி வைக்கும் நாம், இந்த ஒரு தாளையும் அவற்றோடு சேர்த்து வைப்போமாக.