தெளிந்த நீர் போதாது, கணக்கு வேண்டும்!

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. மாரி காலத்தில் வானம் வழங்கும் மழைநீர் செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அந்நீரையே நாம் குடிக்கின்றோம், அதிலேயே குளிக்கின்றோம், அதையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம். அந்நீர் கெடுமாயின் இம்மண்ணில் தமிழ் மக்கள் நிலைத்து வாழ்வதற்கு வேறு ஆதாரம் யாது?

நிலத்தைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியுள்ளோம். மொழியைப் பற்றிப் பேசியுள்ளோம்; அதற்காகச் சிறையும் சென்றுள்ளோம். நிலத்தின் கீழே கிடக்கும் நீரைப் பற்றிப் பேசியதோ மிகக் குறைவு. “தண்ணீர் கண்ணாடிபோல இருக்கின்றது, இதற்கு என்ன குறை?” என்கின்றார் கமக்காரர். கிணற்றை எட்டிப் பார்த்த அதிகாரியும் அதையே கூறிவிட்டுப் போகின்றார். படித்த வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் தம் வீட்டில் அதே நீரை ஒரு கேள்வியுமின்றி அருந்துகின்றனர். கண்ணை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுதும் இவ்வழக்கத்தை நாம் கண்டிக்கின்றோம். இதனை இனியும் தொடர்வது நம் பிள்ளைகளுக்கு நாமே இழைக்கும் தீங்காகும்.

கண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? புத்தூர் நிலாவரைக்குச் சென்று பாருங்கள். மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். கரையில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே நீர்தான். இதனை நம் பாட்டன்மார் நாவினால் சுவைத்து அறிந்தனர். நாவுக்கும் எட்டாத குற்றங்கள் உண்டு என்பதே இக்காலத்தின் தொல்லை.

நீரின் நிறத்தைக் கூறுவதற்குக்கூட ஆய்வுகூடம் வெறுங்கண்ணை நம்புவதில்லை. 1892 இல் அலன் ஹேசன் என்னும் அமெரிக்கர் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். பிளாற்றினமும் கோபாற்றும் சேர்ந்த மஞ்சட் கபில நிறக் கரைசலே அவ்வளவுகோல். ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் பிளாற்றினம் கொண்ட கரைசலின் நிறம் ஓர் அலகு. ஒரே அளவான உயர்ந்த கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு அலகுக் கரைசல்களை நிரப்பி, வெண்மையான தளத்தின்மீது நிறுத்தி, பக்கத்தில் மாதிரி நீரையும் வைத்து மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து ஒப்பிடுவர். இக்காலத்தில் ஒளியைச் செலுத்தி எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகின்றது என்று கருவியாலும் அளப்பர்.

அதற்கும் முன்பு வேறொரு வேலை உண்டு. கலங்கல் உள்ள நீரில் மிதக்கும் மண்ணும் நிறம்போலத் தோன்றும். ஆதலால் மாதிரியை மிக நுண்ணிய வடியினூடாக வடித்து, எஞ்சும் உண்மை நிறத்தையே அளப்பர். நீரின் அமிலத்தன்மை மாறினாலும் நிறம் மாறும். எனவே அதையும் அளந்து உடன் எழுதுவர். மாதிரியை நாட்கணக்கில் வைத்திராது விரைவில் சோதிப்பர். ஒரு மஞ்சள் நிறத்தைச் சொல்வதற்கே இத்தனை ஒழுங்கு! நாமோ வாளியை வெயிலிலே தூக்கிப் பார்த்து “நல்ல தண்ணீர்” என்று முடித்துவிடுகின்றோம்.

இலங்கையின் 2013 ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம் நிறத்துக்கு 15 ஹேசன் அலகு என எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லையின் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நிறத்துக்கென உடல்நலம் சார்ந்த எல்லை எதனையும் விதிக்கவில்லை. 15 அலகுக்குக் குறைந்த நிறத்தை மக்கள் பொதுவாக வெறுப்பதில்லை என்பதே அதன் கருத்து. உக்கிய இலைகுழை நீரைக் கபிலமாக்கும். இரும்பும் மங்கனீசும் நிறமேற்றும். இரும்பு கரைந்த நீர் கிணற்றிலிருந்து அள்ளும்போது தெளிவாயிருந்து, காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் செம்மை படர்வதும் உண்டு. காலையில் கண் வழங்கிய தீர்ப்பை மாலையில் அதே கண் மாற்றிக்கொள்கின்றது. ஆகவே, நிறம் ஓர் எச்சரிக்கை. நிறமின்மை ஒரு நற்சான்றுப் பத்திரம் அன்று.

குடாநாட்டின் முதற்பெரும் பகை நிறமே இல்லாதது. அதன் பெயர் நைத்திரேற்று. அதற்கு மணமும் இல்லை. தோட்டத்துக்கு இடும் பசளையிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும், வீட்டு மலக்குழியிலிருந்தும் அது பாறை வெடிப்பு வழியே கிணற்றை அடைகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே குடிநீரில் அதற்கு உரிய உச்ச எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் கரைத்த பால்மாவைப் பச்சிளங் குழந்தைக்கு ஊட்டினால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உதடும் தோலும் நீலம் பாரிக்கும். கிணற்றிலே காணாத நிறத்தைத் தாய் தன் குழந்தையின் முகத்திலே காண நேரிடும். கொதிக்க வைத்தால் தீரும் என்று எண்ணுவோரும் உளர். நைத்திரேற்று கொதியில் அழிவதில்லை. நீர் ஆவியாகக் குறைய அது செறிவடைகின்றது.

இந்நிறமற்ற பகையை ஆய்வுகூடம் எவ்வாறு பிடிக்கின்றது? கட்மியத்தின் ஊடாக நீரைச் செலுத்தி நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றி, அதனோடு சேர்ந்து இளஞ்சிவப்பு நிறம் தரும் பொருள்களை இடுவர். நிறம் எவ்வளவு அடர்த்தியோ நைத்திரேற்றும் அவ்வளவு. அந்நிறத்தைக் கருவியால் அளந்து எண்ணாக எழுதுவர். மறைந்திருப்பதற்கு நிறம் ஏற்றி வெளியே இழுத்துவரும் இக்கலை நம் பாடசாலைகளில் உயர்தரத்தில் இரசாயனவியல் கற்ற எவருக்கும் விளங்கக்கூடியதே. இருந்தும் நம் கிணறுகளுள் எத்தனை இச்சோதனையைக் கண்டன? உங்கள் வீட்டுக் கிணற்றின் எண் என்ன என்று வாசகர்களாகிய உங்களையே கேட்கின்றோம். பதில் கூறக்கூடியவர் கை உயர்த்துக.

இது நேற்றுப் புதிதாய்க் கண்டுபிடித்த செய்தியுமன்று. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை 1980 களின் இறுதியிலேயே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் தம் கடமையைச் செய்தனர். அதனைத் தமிழிலே வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டியோர் செய்யவில்லை. அரசும் செய்யவில்லை, நாமும் கேட்கவில்லை.

கமக்காரப் பெருமக்கள் நம்மீது சினம் கொள்ளக்கூடும். “இன்று எங்கள் கிணற்றை அளப்பீர்கள், நாளை எங்கள் பசளையைப் பறிப்பீர்கள்” என்பது அவர்களின் அச்சம். அவ்வச்சத்துக்கு நியாயம் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்த அரசு, விளைச்சல் வீழ்ந்து நாடு கொதித்தபின் அவ்வாண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது. அளவுமின்றி ஆலோசனையுமின்றி இட்ட கட்டளையின் கூலியைக் கமக்காரரே செலுத்தினர். நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. கண்மூடித் தடுப்பவனும் கண்மூடி இடுபவனும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவரிடமும் கணக்கு இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் ஒரு பகுதியைப் பயிர் உண்ணும். ஒரு பகுதி காற்றிலே போகும். எஞ்சியது நீரோடு இறங்கும். ஒரு மூடையின் நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாகி இறங்குமாயின், 20 இலட்சம் லீற்றர் தூய நீரை அந்த 50 மில்லிகிராம் எல்லைக்கு ஏற்றிவிடும். இனி மறுபக்கம். அவ்வெல்லையில் உள்ள நீரில் பத்து இலட்சம் லீற்றரைத் தோட்டத்துக்கு இறைத்தால், அதனோடு 11 கிலோ நைதரசனும் பயிருக்கு வந்து சேர்கின்றது. அது ஏறக்குறைய அரை மூடை யூரியாவுக்குச் சமம். கிணற்றிலே கிடக்கும் அந்த அரை மூடையை அறியாது கடையிலே காசு கொடுத்து மேலும் ஒரு மூடை வாங்குகின்றீர்கள்! தன் கிணற்றின் எண்ணை அறிந்த கமக்காரர் பசளைச் செலவைக் குறைப்பார். பேரப்பிள்ளையின் குடிநீரையும் காப்பார்.

இனிச் சுன்னாகத்துக்கு வருவோம். அங்கே நேர்ந்தது இதற்கு எதிர்மாறான அநீதி. கிணற்றிலே எண்ணெய்ப் படலம் மிதந்தது, மக்கள் கண்ணாற் கண்டனர், மூக்கால் மணந்தனர். 2014 இலும் 2015 இலும் வீதிக்கு வந்து குரலெழுப்பினர். அப்போது அவர்களிடம் சான்று கேட்கப்பட்டது. ஓர் அறிக்கை எண்ணெய் உண்டு என்றது. இன்னோர் அறிக்கை அஞ்ச வேண்டியதில்லை என்றது. எதனை நம்புவது என்றறியாத தாய்மார் வெற்று வாளியோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றனர். இறுதியில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனக் கட்டளையிட்டது. தீர்ப்பை வரவேற்கின்றோம். எனினும் அதுவரை கழிந்த ஆண்டுகளை யார் மீட்டுத் தருவார்?

சுன்னாகம் கற்பிக்கும் பாடம் யாதெனில், கண்ணிற் படாத குற்றத்தை அளவின்றி அறிய இயலாது. கண்ணிற் பட்ட குற்றத்தையும் அளவின்றி நிறுவ இயலாது என்பதே. மின் நிலையம் எழுமுன் தங்கள் கிணறு எவ்வாறிருந்தது என்று காட்டும் ஆண்டுக்கணக்குப் பதிவு ஒன்று ஒவ்வொரு வீட்டாரிடமும் இருந்திருப்பின், எந்த நிபுணரால் அவர்களை வாயடைக்க முடிந்திருக்கும்?

“தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டுவிட்டது, இனிக் கிணற்றுக் கவலை எதற்கு?” என்று கேட்போருக்கும் ஒரு வார்த்தை. குழாய்நீரை வரவேற்கின்றோம். ஆயினும் வெங்காயப் பாத்திக்குக் கடல்நீரை வடித்து ஊற்றுவார் எவருமில்லை. நிலத்தடி நீரைக் கைவிட்ட மக்கள் ஒரு குழாயின் திருகாணிக்கு அடிமைப்பட்ட மக்களாவர். அத்திருகாணி யாருடைய கையில் இருக்கும் என்பதைத் தமிழ் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆதலால் நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குட்பட்ட பொதுக் கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும், சோதிக்க வேண்டும். நிறம், கலங்கல், நைத்திரேற்று, உவர், கிருமி ஆகியவற்றின் எண்களைக் கிணற்றடியிலே தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஆங்கில அறிக்கையை அலுமாரியில் பூட்டிவைப்பது அறிவித்தலாகாது. கிணற்றுக்கு அருகே மலக்குழி தோண்டுவதைச் சபைகள் வாக்குக்கு அஞ்சாது தடுக்க வேண்டும்.

அரச நிறுவனங்கள் இதுவரை எடுத்த அளவுகளைக் கேட்டுப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். சட்டத்தரணிகள் ஊர்தோறும் இவ்விண்ணப்பங்களை எழுதிக்கொடுப்பாராக. இரசாயனவியல் ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு மாதிரி எடுப்பிப்பாராக. வைத்தியர்கள் கர்ப்பிணித் தாயிடம் “எந்தக் கிணற்று நீர்?” என்று கேட்பாராக. கமக்காரர் சங்கங்கள் பசளைக் கணக்கோடு கிணற்றுக் கணக்கையும் ஒரே கொப்பியில் எழுதுவாராக.

இவற்றுள் எதற்கும் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. கொழும்பின் தயவும் தேவையில்லை. உரிமை கேட்கும் மக்கள் தம் கைக்கு எட்டிய கடமையைச் செய்யாதிருத்தல் தகுமோ? வரும் மாரிக்கு முன் உங்கள் கிணற்று நீரை ஒரு தூய போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். வரும் எண்ணை வீட்டுச் சுவரிலே எழுதுங்கள். அயலவரின் எண்ணையும் கேளுங்கள்.