லீவு நம் கையில், காற்று யார் கையில்?

பள்ளி விடுமுறை எப்போது என்று முதலில் பார்க்கிறோம். பிறகு வேலையிடத்தில் லீவுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம் என்று வாட்சாப் குழு தொடங்கி, ஆள் கணக்கு எடுத்து, முன்பணமும் கட்டிவிடுகிறோம். கடலைப் பற்றி யோசிப்பது அதற்கும் பிறகுதான். சொந்தமாக ஒரு படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றும் விடுமுறைக்கு இந்த வரிசை சரிப்பட்டு வராது. அங்கே தேதியைக் கொடுப்பது காற்று. லீவு அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

பாசிர் கூடாங்கில் இருக்கும் நமக்குக் கடல் புதிதில்லை. 1977இல் செயல்படத் தொடங்கிய ஜொகூர் துறைமுகம் நம் ஊரின் அடையாளம். ஆனால் நாம் தினமும் பார்ப்பது எண்ணெய்க் கப்பலும் கொள்கலனும் நிறைந்த, வேலை பார்க்கும் கடல். சுமார் இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி மெர்சிங் போனால் வேறொரு கடல் இருக்கிறது. ராவா, ஹுஜோங், தெங்கா, பெசார், திங்கி, சிபு என்று கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக ஒரு தீவு வரிசை. ஆழ்கடல் பக்கம் பெமாங்கிலும் ஆவுரும். வடக்கே பகாங்கைச் சேர்ந்த தியோமான். ஜொகூர் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. தீவுக் கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தையும் சிப்பியையும் எடுக்கக் கூடாது. தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எந்தப் படகு?

உல்லாசப் படகு என்றதும் கோடீஸ்வரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். படகு வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று சொல்வதில்லை, படகுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். மூன்று இரவுக்கு 6,000 ரிங்கிட் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் பகிர்ந்தால் தலைக்கு 750. நல்ல ரிசார்ட் ஒன்றில் தங்குவதோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய தொகைதான். ஆனால் அது வாடகை மட்டும். எரிபொருள், கேப்டனின் கூலியும் சாப்பாடும், கடல் பூங்காக் கட்டணம், திருப்பித் தரும் முன்வைப்புத் தொகை, மளிகை எல்லாம் தனி. எதெல்லாம் வாடகைக்குள் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் வகுத்தல் கணக்குப் போடாதீர்கள்.

வாடகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படகை மட்டும் வாங்கி நாமே ஓட்டுவது. கடலில் படகோட்டிய அனுபவத்தைக் காட்டினால்தான் கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும். இன்னொன்று, கேப்டனோடு வரும் படகு. நம்மில் பெரும்பாலோருக்கு இதுதான் வழி. பாய்மரப் படகு வாடகைக்கு நம் நாட்டில் பேர் போன இடம் லங்காவி. மெர்சிங் பக்கம் அந்த அளவுக்கு வசதி இல்லை. இங்கே எளிதாகக் கிடைப்பது படகோட்டியோடு வரும் விசைப்படகு. பகலில் தீவுகளைச் சுற்றி, இரவில் தீவு விடுதியில் தங்கலாம். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பத்துக்கு இதுவே வசதி.

படகிலேயே தூங்க ஆசைப்பட்டால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வகையைக் கேளுங்கள். ஒற்றை உடல் படகைப் போல அது அதிகம் சாயாது, சமையலறையும் அறைகளும் தாராளமாக இருக்கும். அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நம் மீனவர்களின் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, இன்றைய படகின் அமைப்பு வேறு. பெயர் மட்டும் நம்முடையது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

எந்த மாதம்?

வடகிழக்குப் பருவக்காற்று ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. அது தென்சீனக் கடலைத் தாண்டி நேராகக் கிழக்குக் கரையில் வந்து மோதும். மெர்சிங் தீவுகளில் பல விடுதிகள் அந்த மாதங்களில் கதவை மூடிவிடும். நமக்குத் தீபாவளியும் ஆண்டிறுதிக் கொண்டாட்டமும் வந்து, ஊர் முழுக்கச் சுற்றுலாப் பேச்சாக இருக்கும் நேரமும் அதுதான்.

அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் மாற்ற வேண்டியது கரையை. லங்காவி மலாக்கா நீரிணையின் வடக்கு முனையில் இருக்கிறது. தீபகற்பத்தின் மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுத்துவிடுவதால், டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே நல்ல காலம். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அப்போதும் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை வந்து போகும். கேப்டன்கள் நங்கூரமிடும் இடத்தை மாலையிலேயே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வந்தது. அந்தக் காலக் கப்பல்கள் ஒரு பருவக்காற்றில் வந்து, இன்னொரு பருவக்காற்றுக்காகத் துறையில் மாதக்கணக்கில் காத்திருந்துதான் திரும்பின. நமக்கு லீவு நான்கு நாள்தான். மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதாலேயே இன்னும் கவனமாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு..."

வானொலியில் கடல் எச்சரிக்கையை வாசிக்கும் என் போன்றவர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு: யாராவது இதைக் கேட்டுப் பயணத்தை மாற்றுகிறார்களா? மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்று எச்சரிக்கையை மூன்று நிலையாகத் தருகிறது. முதல் நிலையில் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகம், அலை 3.5 மீட்டர் வரை. இரண்டாம் நிலையில் 50 முதல் 60 கிலோமீட்டர், அலை 4.5 மீட்டர் வரை. மூன்றாம் நிலை அதற்கும் மேல். 'முதல் நிலைதானே' என்று நினைத்துவிடக் கூடாது. 3.5 மீட்டர் என்பது சாதாரண வீட்டின் ஒரு மாடி உயரம். சிறு படகுக்கு முதல் நிலையே ஆபத்துதான்.

அறிவிப்பைக் கேட்டும் கிளம்புகிறவர்கள் அறியாதவர்கள் இல்லை. லீவு போட்டாச்சு, பணம் கட்டியாச்சு, பிள்ளைகள் நீச்சல் உடையோடு நிற்கிறார்கள், இவ்வளவு தூரம் வந்தாச்சு என்ற நெருக்கடிதான் அவர்களைப் படகில் ஏற்றுகிறது. ஷிஃப்ட் வேலை பார்க்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது நன்றாகப் புரியும். கணவன் மனைவி இருவருக்கும் ஒன்றாக நான்கு நாள் கிடைப்பதே பெரிய காரியம். அதனால் மாற்றவே முடியாத தேதிதான் இந்தப் பயணத்தின் முதல் ஆபத்து.

கடல் அமைதியாகத் தெரியும் மாதத்திலும் அலட்சியம் கூடாது. 2007 அக்டோபர் 13, நோன்புப் பெருநாள் விடுமுறை. மெர்சிங்கிலிருந்து தியோமானுக்குப் போன பயணிகள் படகு தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரல் 6ஆம் தேதி, மெர்சிங் அருகே தோக்கோங் சங்கோல் என்ற இடத்தில் முக்குளித்த நால்வர், மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. ஒருவர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் ஏப்ரல் 9ஆம் தேதிதான் கிடைத்தார்கள். 14 வயதுச் சிறுவன் உயிர் பிழைக்கவில்லை. அது பருவமழை மாதமே இல்லை.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்வி

ஒன்று: வானிலை காரணமாகக் கேப்டன் 'இன்று வேண்டாம்' என்றால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. விலை பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நூறு ரிங்கிட் குறைப்பதைவிட, தேதி மாற்றும் உரிமையை எழுதி வாங்குவது பெரிய லாபம். பணம் போய்விடும் என்ற பயம் இல்லாவிட்டால்தான் கேப்டனும் உண்மையைச் சொல்வார், நாமும் கேட்போம்.

இரண்டு: படகின் உரிமம், எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எண்ணிக்கை, காப்புறுதி ஆகியவற்றைக் காட்ட முடியுமா? ஒளிவுமறைவில்லாத தொழில் என்றால் காட்டத் தயங்க மாட்டார்கள். எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக ஒரு குழந்தையை 'மடியில் வைத்துக்கொள்ளலாம்' என்பது பேருந்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

மூன்று: ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா? பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியாகக் கழன்றுவிடும். பிள்ளைகளின் எடையை முன்கூட்டியே சொல்லி, தொடைக்கு இடையே வார் உள்ள ஜாக்கெட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் நாமே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

நான்கு: படகில் விஎச்எஃப் வானொலி வேலை செய்கிறதா? பாட்டுப் போடும் நம் வானொலியைச் சொல்லவில்லை! நடுக்கடலில் கைப்பேசி சிக்னல் போய்விடும். அப்போது உதவி கேட்பது விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில். சிக்னல் இருக்கும் இடத்தில் 999.

ஐந்து: கேப்டனுக்குத் துணையாக இன்னொருவர் வருகிறாரா? கேப்டனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் படகை யார் ஓட்டுவது?

நான்கு நாள், ஒரு நாள் சும்மா

பாய்மரப் படகு மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல், அதாவது சுமார் 10 கிலோமீட்டர்தான் போகும். மெர்சிங்கிலிருந்து 16 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ராவாவுக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே தியோமானையும் ஆவுரையும் சிபுவையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள். முதல் நாள் மெர்சிங்கிலிருந்து பெசார். இரண்டாம் நாள் திங்கி. மூன்றாம் நாள் சிபு. நான்காம் நாள் தஞ்சோங் லேமான் படகுத்துறையில் கரையேறலாம். சிபு என்றால் சரவாக்கில் உள்ள நகரம் இல்லை, பாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கார் மெர்சிங்கில் நிற்கும், நாம் இறங்குவது தஞ்சோங் லேமானில். இரண்டு கார் இருந்தால் ஒன்றை அங்கே முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

இதற்கு மூன்று இரவு போதும். ஆனால் லீவை ஐந்து நாளாக எழுதுங்கள். அந்த ஒரு நாள் காற்றுக்காக. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் வற்றும் நேரத்தில் படகு வெளியே போக முடியாது. படகு நேரம் நாளுக்கு நாள் மாறுவது அதனால்தான். கடைசி நாள் இரவு ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன் என்று மேலாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கடலே இறங்க முடியாதபடி இருந்தால் ஆயர் பாப்பான் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டுக் கோத்தா திங்கி அருவி வழியாக வீடு திரும்பலாம். இந்த மாற்றுத் திட்டத்தைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் ஏமாற்றம் குறையும்.

வழியில் தெங்கா தீவு வரும். அதில் இன்று தனியார் விடுதி இருக்கிறது, அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. படகிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வியட்நாமிலிருந்து சிறு படகுகளில் உயிர் தப்பி வந்த அகதிகளுக்கு அங்கே முகாம் இருந்தது. இதே கடலை அவர்கள் காற்று பார்த்துக் கடக்கவில்லை, வேறு வழியில்லாமல் கடந்தார்கள். நமக்கு வேறு வழி இருக்கிறது.

மூட்டை கட்டும்போது

ஒன்பதாம் நூற்றாண்டு அரபு மாலுமிகள் தியோமானை நல்ல தண்ணீர் கிடைக்கும் தீவாகக் குறித்து வைத்தார்கள். இன்றும் படகில் முதல் கவலை தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிநீர் என்றால், எட்டுப் பேருக்கு நான்கு நாளுக்கு 96 லிட்டர். குளிக்கும் தண்ணீர் தொட்டியில் அளவாகத்தான் இருக்கும். கடலில் குளித்துவிட்டு இரண்டு குவளை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாளுக்குப் புளிச்சோறு போல் கெடாத சாப்பாடு. தோசை மாவை மறந்துவிடுங்கள், சிறிய குளிர்பெட்டியில் அது பொங்கி வழியும். குமட்டல் மாத்திரையைக் கடல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அம்மா, அத்தை எல்லாரும் படகில் சேலையைத் தவிர்ப்பது நல்லது. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. படகின் பெயர், கேப்டனின் எண், போகும் வழி, திரும்பும் நேரம், ஏறியவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் இத்தனை மணி நேரமாகியும் நாங்கள் பேசவில்லை என்றால் 999 அழை என்று சொல்லி வையுங்கள். அடுத்த ஏப்ரலுக்கு மேல் போக நினைப்பவர்கள் லீவுக்கு எழுதும் முன் இந்த வாரமே ஒரு படகுக்காரரை அழைத்து, அந்த முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் பயப்படாதீங்க, எந்த அலையிலும் போகலாம்' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.