மேப்பிள் நிழலில் ஒரு காட்டுப்பூண்டு

சிகாகோ நகரத்தின் பெயரே ஒரு செடியிலிருந்து வந்தது. மயாமி-இல்லினாய் பழங்குடியினர் 'ஷிகாக்வா' என்று அழைத்த காட்டுப்பூண்டு அது. இன்று அமெரிக்கர் வாயில் அது 'ரேம்ப்'.

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், மரங்கள் தழைக்கும் முன்பே, மார்ச், ஏப்ரலில் இதன் அகன்ற இலைகள் சருகை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். மேலே மரங்களின் நிழல் மூடியதும் மஞ்சளித்து மடியும். பூண்டும் வெங்காயமும் கலந்த அதன் மணத்துக்காகவே அப்பலாச்சிய மலை மக்கள் முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் வதக்கி உண்கிறார்கள். நகரத்து உணவகங்களும் அந்த ருசியைக் கண்டுகொண்ட பின், கிழங்கோடு பிடுங்கும் வழக்கம் பெருகியது. செடி அருகிவருவதால் கனடாவின் கியூபெக் மாகாணம் 1995-இல் இதன் விற்பனையையே தடை செய்தது.

இந்தச் செடியைக் காக்க வீட்டுத் தோட்டம் நல்ல வழி. மேப்பிள், பீச் போன்ற இலையுதிர் மரத்தடியும், ஈரம் தங்கும் மக்கு மண்ணும், மேலே சருகுப் போர்வையும் போதும். பொறுமைதான் நிறைய வேண்டும். மிளகு போன்ற கறுப்பு விதை முளைக்க 6 முதல் 18 மாதம் ஆகும். செடி முற்ற 5 முதல் 7 ஆண்டு. கிழங்காக நட்டால் காத்திருப்பு குறையும்.

நச்சுள்ள 'லில்லி ஆஃப் தி வேலி' இலையும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். கசக்கி முகர்ந்து பூண்டு மணம் வராத இலையை வாயில் வைக்கக் கூடாது.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழங்கைக் காட்டிலிருந்து பெயர்க்காதீர்கள், நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். செடிக்கு ஓர் இலை மட்டும் கிள்ளுங்கள். கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும்.