பனியனுக்கு 50, போனுக்கு பூஜ்யம்: இதுதான் உங்க சந்தையா?



"பொருளாதாரம் வேற, அரசியல் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க." உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு சித்தப்பா கட்டாயம் இருப்பார். தரமா இருந்தா விக்கும், சந்தை தானா முடிவு பண்ணும், போட்டி போடத் தெரியாதவன்தான் அரசியல் பேசுவான் என்பார். அவருக்கு ஒரே ஒரு தேதியைச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்ட் 6.

அன்றைக்கு வெள்ளை மாளிகையில் இரண்டு விஷயம் நடந்தது. இந்தியப் பொருட்கள் மீது ஏற்கனவே அறிவித்திருந்த 25% வரிக்கு மேல் இன்னொரு 25% போடும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்துப் போட்டார். என்ன குற்றம்? இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறதாம். அதே நாளில் ஆப்பிள் நிறுவனத்தின் டிம் குக் அங்கே வந்தார். அமெரிக்காவில் கூடுதலாக 100 பில்லியன் டாலர் முதலீடு என்று அறிவித்தார். கையோடு 24 காரட் தங்கத்தில் பீடம் வைத்த ஒரு கண்ணாடி நினைவுப் பரிசையும் அதிபர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27 வந்தது. திருப்பூர் பனியனுக்கு 50% கூடுதல் வரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிள் ஆகி அமெரிக்கா போகிற ஐபோனுக்கு அந்த வரி கிடையாது.

தங்கப் பரிசு கொடுத்ததால்தான் விலக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்மார்ட்போனுக்கு ஏப்ரல் மாதமே விலக்கு வந்தாச்சு. அந்த அறைக்குள் போய் உட்கார யாருக்கு வழி இருக்கு, யாருக்கு இல்லை என்பதுதான் பேச்சு. இரண்டு பொருளுமே தமிழ்நாட்டில் செய்தது. இரண்டையும் ஏற்றுமதி பண்ணுவது ஒரே நாடு, அந்த நாடு வாங்குவது ஒரே ரஷ்ய எண்ணெய். தண்டனை மட்டும் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற டெய்லருக்கு.

திருப்பூரின் ஒரு வருச ஏற்றுமதி 40,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் அமெரிக்காவுக்குத்தான் போகிறது. ஒரு ஆர்டர் நின்றால் யார் யார் கை நிற்கும் என்று வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லாமே தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டு. பாதிப் பேர் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடின இடத்தில் அரை ஷிப்ட் ஓடினால், சனிக்கிழமை சம்பளக் கவர் அன்றைக்கே பாதியாகிவிடும். இவர்களில் ஒருத்தராவது ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கினார்களா?

2025 ஆகஸ்டில் வங்கதேசத்துக்கு 20%, வியட்நாமுக்கு 20%, பாகிஸ்தானுக்கு 19%. நமக்கு 50. தையல் அதே தையல், துணி அதே துணி. நான் படித்தது மெக்கானிக்கல். பொருளாதாரம் என்று ஒரே ஒரு செமஸ்டர் பேப்பர். தேவைக்கு ஒரு கோடு, அளிப்புக்கு ஒரு கோடு, ரெண்டும் வெட்டிக்கிற இடம்தான் விலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் வெள்ளை மாளிகையை எங்கேயும் காணோம்.

சரி, ரஷ்ய எண்ணெய்தான் பிரச்சினை என்றால் முதல் அடி யாருக்கு விழுந்திருக்கணும்? நம்மைவிட அதிகமாக அதை வாங்குவது சீனா. ஆனா அந்த எண்ணெய் அபராதம் சீனாவுக்கு விழவே இல்லை. ஏன்? அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரலில் டிரம்ப் சீனா மேல் வரியை 145% வரைக்கும் ஏற்றினார். சீனா கத்தவில்லை, கெஞ்சவில்லை. அரிய மண் தனிமங்கள், அதில் செய்கிற காந்தங்கள் இவற்றின் ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று ஒரு கட்டுப்பாடு போட்டது. உலகத்தில் இந்தத் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் கிட்டத்தட்ட 90% சீனாவின் கையில். காந்தம் இல்லாமல் கார் மோட்டார் ஓடாது. சிகாகோவில் ஃபோர்டு கம்பெனி ஆலையே மே மாதம் ஒரு வாரம் நின்றுபோனது. அதே மே மாதம் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை. 145 என்பது 30 ஆகிவிட்டது. எந்தச் சந்தை இறக்கியது அந்த வரியை?

பிரேசில் கதை இன்னும் பச்சை. அந்த நாட்டோடு வியாபாரத்தில் அமெரிக்காவுக்கு நஷ்டமே கிடையாது, உபரிதான். ஆனாலும் 50%. டிரம்ப் தன் கடிதத்தில் எழுதிய முதல் காரணமே, முன்னாள் அதிபர் போல்சனாரோ மேல் அங்கே நடந்த வழக்கு. வேற நாட்டுக் கோர்ட்டில் நடந்த கேஸுக்கு இங்கே காபிக்கொட்டைக்கு வரி!

நியாயம் கேட்க உலக வர்த்தக அமைப்பு இருக்கே என்பார் சித்தப்பா. இருக்கு. அதன் மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு பேர் இருக்கணும். புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால், 2019 டிசம்பரில் இருந்து அது வழக்கு கேட்க ஆள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. பன்னாட்டு நாணய நிதியத்தில் முக்கியமான முடிவுகளுக்கு 85% வாக்கு வேணும். அமெரிக்கா ஒரு நாட்டிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் வாக்கு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, மொத்த உலகமும் ஒரு பக்கம் நின்றாலும் அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இது டிரம்ப் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத்துணியை லண்டன்காரர்கள் ஆசையாக வாங்கி உடுத்தினார்கள். அங்கிருந்த நெசவு முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. 1700-ல் இறக்குமதிக்குத் தடைச் சட்டம். அதுவும் பத்தாமல் 1721-ல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தினாலே அபராதம். இன்றைக்கு நமக்குத் தடையற்ற வர்த்தகம் பற்றி வகுப்பு எடுக்கிற ஊர் அது.

தூத்துக்குடியை மட்டும் விட்டுவிட முடியுமா? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். மக்கள் அந்தப் பக்கம் போனதும் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் இலவசம் என்றது. ஏறினால் குடையும் தரோம் என்றது. அப்படியும் முடியாமல் போனதும் சந்தையை ஓரம் கட்டிவிட்டு போலீஸை அனுப்பினார்கள். 1908-ல் கைது, ராஜதுரோக வழக்கு, கோவைச் சிறையில் செக்கு. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. வ.உ.சி. கஷ்டப்பட்டு வாங்கிய காலியா கப்பல், அவரை எதிர்த்த அதே கம்பெனிக்கே விற்கப்பட்டது. போட்டி போடத் தெரியாமல் தோற்றாரா அவர்?

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் திரும்புவோம். டெல்லியில் இருப்பவர்களையும் கேட்கணும் இல்லையா.

2019 வரைக்கும் இந்தியா ஈரானிடம் நிறைய எண்ணெய் வாங்கியது. ரூபாயிலேயே பணம் கட்டுகிற ஏற்பாடு இருந்தது. ஐ.நா. அதைத் தடுக்கவில்லை. அமெரிக்கா மட்டும்தான் கூடாது என்றது. ஈரானோடு கணக்கு வைக்கிற வங்கிக்கு டாலர் கதவு மூடிவிடும். டாலர் இல்லாமல் எந்த வங்கியாலும் உலக வியாபாரம் பண்ண முடியாது. அந்த பயம் போதும். 2019 மே மாதம் விலக்கு முடிந்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டோம். இப்படி ஒரு முறை பணிந்தவனிடம் அடுத்த முறையும் மிரட்டிப் பார்ப்பான், இதில் ஆச்சரியம் என்ன?

ரஷ்ய எண்ணெய் வாங்கியது தப்பு என்று நாம் சொல்லவில்லை. யாரிடம் வாங்குவது என்பது நம் உரிமை. ஆனால் தள்ளுபடியில் வந்த எண்ணெயின் லாபம் எங்கே போனது? வாங்கினவர்களில் முன்னணியில் இருந்தவை ஜாம்நகர் ரிலையன்ஸ் ஆலையும், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் 49% பங்கு வைத்திருக்கிற நயாராவும். பெட்ரோல் பங்க்கில் உங்களுக்கு என்ன குறைந்தது? 2022 மே மாதம் ஒரு குறைப்பு. அதற்கப்புறம் 2024 மார்ச்சில், தேர்தலுக்கு முன்னால், 2 ரூபாய். உலக விலை ஏறினப்ப இங்கே ஏற்றவில்லையே என்று பதில் வரும். சரி, இறங்கினப்ப? தள்ளுபடி ரிஃபைனரிக்கு, அபராதம் பனியன் கம்பெனிக்கு. இதை வாஷிங்டன் மட்டும் தீர்மானிக்கவில்லை.

பஞ்சுக் கதையும் அப்படித்தான். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு 11% வரி போட்டார்கள். எடுங்கள் எடுங்கள் என்று நம் மில்காரர்கள் வருசக்கணக்கில் மனு கொடுத்தார்கள். 2022-ல் சில மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார்கள். டிரம்ப் மிரட்டிய 2025 ஆகஸ்டில் மட்டும் அவசர அவசரமாக நிறுத்தம், முதலில் செப்டம்பர் 30 வரை, அப்புறம் டிசம்பர் 31 வரை. நமக்குப் பஞ்சு விற்கிற நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று என்பதை மறந்துவிடாதீர்கள். மில்லுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அது பருத்தி சந்தைக்கு வருகிற பருவம். மானாவாரியில் பருத்தி போட்டவனுக்கு விலை விழுந்தால் யார் பொறுப்பு? மனு கொடுத்தப்ப திறக்காத கதவு, மிரட்டினப்ப திறந்தது.

அந்த 50% வரி 2026-ல் குறைந்தது. குறைந்தாலும் அது யாரோ இரண்டு பேர் பேசி முடித்த பேரம்தான். பதிலுக்கு எதை விட்டுக் கொடுத்தார்கள், பால் பண்ணையா, சோயாவா, பருத்தியா என்று கேட்கணும். நாடாளுமன்றத்தில் இப்போதே கேட்க வேண்டியது இரண்டு கணக்கு: ரஷ்யத் தள்ளுபடியில் எந்த நிறுவனம் எவ்வளவு மிச்சம் பிடித்தது? அதிலிருந்து எத்தனை ரூபாய் திருப்பூர் தொழிலாளியின் சனிக்கிழமைக் கவருக்கு வரும்?