மலை மாட்டுக்கு மலை வேண்டாமா?

பிரவுன் ஸ்விஸ் என்றொரு மாட்டினம். சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ப்ஸ் மலையில் தோன்றியது. 1869-இல் அமெரிக்காவுக்குப் போனது. 1963-இல் மூணாறு அருகே மாட்டுப்பெட்டியில் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கியபோது கேரளத்துக்கும் வந்தது. அங்கே நாட்டு மாடுகளோடு கலந்து உருவானதுதான் 'சுனந்தினி'.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆல்ப்ஸ் மேய்ச்சல் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. பனி உருகியதும் மாடுகளை மலைக்கு ஓட்டிப் போவார்கள். குளிருக்கு முன் இறக்கிவிடுவார்கள். இன்றும் சுவிஸ் அரசு அதற்கு மானியம் தருகிறது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த வழக்கத்தை மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. உலகம் சுற்றிய மாட்டுக்குச் சொந்த மலை இன்னும் திறந்தே இருக்கிறது.

நம் பக்கத்து மலை மாடு பர்கூர் மாடு. சேலம், நாமக்கல் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்மேனியில் வெள்ளைத் திட்டுகள், சட்டென்று மிரளும், வண்டியில் பூட்டினால் நல்ல ஓட்டம். அந்தியூருக்கு மேலே, காட்டுக்குள் பட்டி போட்டு வளர்த்த இனம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இறங்கி வரும். பால் ஒன்றிரண்டு லிட்டர்தான். வளர்ப்பவருக்கு வருமானம் கன்றிலும் பட்டி எருவிலும்தான்.

2024 ஜனவரியில் அந்த மலைக்காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது. சரணாலயங்களில் மேய்ச்சல் கூடாது என்று 2022-லேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. பட்டிக்காரர்கள் கலங்காமல் என்ன செய்வார்கள்?

யானையும் புலியும் வாழ வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பர்கூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் நல்லதே. ஆனால் ஒரு நிலையத்தின் கொட்டகையில் எத்தனை மாடு நிற்கும்? விலைக்குத் தீவனம் வாங்கிப் போட்டு, ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் மாட்டை எந்த ஏழை வைத்திருப்பார்? காடு மூடினால் மாடு விற்பனைக்குப் போகும். தர்மபுரி, சேலம் பக்கத்து ஆலம்பாடி மாடு அருகிப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. அது சரணாலயத்துக்கும் பொருந்தும். கோப்பு பார்த்தே வயதானவன் சொல்கிறேன்: கிராம சபை மனுக்களை எடுத்து, எந்தப் பட்டி, எந்த இடம், எத்தனை மாடு, எந்தெந்த மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். மாடு விற்றுத் தீருமுன் அதைச் செய்ய வேண்டும்.